லீவு கேட்டால் சோம்பேறியா? (வாசகர் கேள்வி, பதில்)

போன இதழில் ஒருவருக்குப் பதில் சொல்லும்போது, "உலகத்திலேயே குறைந்த நேரம் வேலை பார்ப்பவர்களில் ஜெர்மானியர்களும் உண்டு" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த முறை கடிதங்கள் குவிந்திருக்கின்றன. சினிமா கேள்வி அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்கள் முறை அடுத்த இதழில்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்: ஜெர்மானியர்கள் குறைவாக வேலை பார்க்கிறார்கள் என்று எழுதியது அச்சுப்பிழையா? அவர்களுடைய உழைப்பை உதாரணம் காட்டியே பாடம் நடத்தியவன் நான்.

அச்சுப்பிழை இல்லை சார். ஓஇசிடி என்று ஓர் அமைப்பு இருக்கிறது, பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்தது, அது வருஷா வருஷம் இந்தக் கணக்கைப் போடுகிறது. 2022ஆம் வருஷக் கணக்கில் ஒரு ஜெர்மானியர் சராசரியாக 1,340 மணி நேரம் வேலை பார்த்திருக்கிறார். அமெரிக்கர் சுமார் 1,800. சோம்பேறி என்று ஐரோப்பாவே கைகாட்டிய கிரேக்கர் ஏறக்குறைய 1,890. பெரிய தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு கள்ளிச்செடி அடியில் தூங்குகிறவராகக் கார்ட்டூன்களில் வருகிறாரே மெக்சிகோக்காரர், அவர் 2,200க்கும் மேல்! பட்டியலின் அடியில் இருப்பது ஜெர்மனிதான்.

இதை வைத்துக்கொண்டு "அப்போ ஜெர்மானியர்கள்தான் சோம்பேறிகள்" என்று கிளம்பிவிடவும் கூடாது. சராசரி என்பது ஏமாற்றுகிற விஷயம். ஜெர்மனியில் வேலைக்குப் போகிற பெண்களில் கிட்டத்தட்ட பாதிப்பேர் பகுதிநேரம்தான், அது மொத்தச் சராசரியையும் கீழே இழுக்கிறது. கிரீஸில் சொந்தமாகச் சின்னக் கடை, உணவகம், ஆலிவ் தோப்பு என்று வைத்திருப்பவர்கள் மிக அதிகம், அவர்களுக்குக் கடை திறந்திருக்கிற நேரமெல்லாம் வேலை நேரம். ஏதென்ஸ் தெருமுனைப் பெட்டிக்கடையில் ராத்திரி பதினொரு மணிக்கு ஒருவர் சிகரெட்டும் தண்ணீர் பாட்டிலும் விற்றுக்கொண்டிருந்தால் அதுவும் ஒரு மணி நேரம்தான், ஸ்டுட்கார்ட் கார் தொழிற்சாலையில் ரோபோவுக்குப் பக்கத்தில் நிற்பவருடையதும் ஒரு மணி நேரம்தான். ஆனால் முடிவில் கணக்கில் வருகிற பணம் ஒன்றில்லை. ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு மதிப்புக்குப் பொருளோ சேவையோ உண்டாகிறது என்று பார்த்தால் ஜெர்மனி கிரீஸைப் போல சுமார் இரண்டு மடங்கு. அந்த வித்தியாசம் இயந்திரத்திலும் கம்பெனியின் அளவிலும் இருக்கிறது, ஆளின் ரத்தத்தில் இல்லை.

ரத்தத்தில் இல்லை என்று எப்படி அடித்துச் சொல்கிறேன் என்றால், 1960இல் மேற்கு ஜெர்மனி கிரீஸோடு ஒப்பந்தம் போட்டு ஆள் எடுத்தது. லட்சக்கணக்கான கிரேக்கர்கள் போய் அதே ஜெர்மன் தொழிற்சாலைகளில் நின்றார்கள். ரயில் ஏறி இறங்கிய நான்கு நாளில் அவர்கள் குணம் மாறிவிட்டதா என்ன?

இல்லத்தரசி, மதுரை: பிறகு ஏன் கிரீஸ் மட்டும் கடனில் மூழ்கியது? உழைக்காமல் உட்கார்ந்து சாப்பிட்டதால்தான் என்று டிவியில் சொன்னார்களே?

டிவியில் மட்டுமா, பெரிய பெரிய பதவியில் இருந்தவர்களே சொன்னார்கள். 2011 மே மாதம் மெஷெடெ என்ற சின்ன ஊரில் கட்சிக் கூட்டத்தில் பேசிய அன்றைய ஜெர்மன் பிரதமர் அங்கேலா மெர்கல், கிரீஸ், ஸ்பெயின், போர்ச்சுகல் போன்ற நாடுகளில் ஜெர்மனியைவிடச் சீக்கிரமாக ஓய்வு பெறக் கூடாது, யூரோ என்ற ஒரே நாணயத்தை வைத்துக்கொண்டு ஒருவருக்கு நிறைய லீவும் இன்னொருவருக்குக் கொஞ்சம் லீவும் என்பது நடக்காது என்றார். கைத்தட்டல் கிடைத்திருக்கும். ஆனால் லீவு அதிகம் யாருக்கு? சட்டப்படியான குறைந்தபட்சம் இரண்டு பக்கமும் வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்றால் 20 நாள்தான், அதற்கு மேல் தொழிற்சங்க ஒப்பந்தங்களால் நடைமுறையில் 30 நாள் வரை அனுபவித்துக்கொண்டிருந்தது ஜெர்மன் தொழிலாளி.

2017இல் இன்னொருவர். யூரோ நாடுகளின் நிதி அமைச்சர்கள் குழுவுக்குத் தலைவராக இருந்த நெதர்லாந்துக்காரர் யெரூன் டெய்சல்புளூம், காசையெல்லாம் மதுவுக்கும் பெண்களுக்கும் செலவழித்துவிட்டு உதவி கேட்டு நிற்க முடியாது என்கிற மாதிரி ஒரு ஜெர்மன் பத்திரிகைப் பேட்டியில் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கிரீஸ் பக்கம் தப்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அரசாங்கம் பட்ஜெட் பற்றாக்குறையைக் குறைத்துக் காட்டியது, 2009 கடைசியில் புது அரசு வந்து உண்மையான கணக்கைச் சொன்னபோது சந்தையே அலறியது. வரி வசூல் ஓட்டை. சில பிரிவினருக்குச் சீக்கிர ஓய்வூதியமும் இருந்தது, மெர்கல் அதை இல்லாத ஊரிலிருந்து கொண்டுவரவில்லை. ஆனால் யூரோவில் சேர்ந்ததும் வட்டி குறைந்தது, கடன் தாராளமாகக் கிடைத்தது, கொடுத்தவர்களில் ஜெர்மன், பிரெஞ்சு வங்கிகளும் உண்டு. கொடுத்தவன் ஏன் பார்த்துக் கொடுக்கவில்லை என்ற கேள்வி வந்துவிடக் கூடாது பாருங்கள், அதற்கு "அவன் சோம்பேறி" என்பது எவ்வளவு வசதி. பெட்டிக்கடைக்காரர் இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்திருந்தால் அரசாங்கத்தின் கணக்கு சரியாகியிருக்குமா?

அப்புறம் நடந்ததையும் கேளுங்கள். 2024 ஜூலையிலிருந்து கிரீஸில் சில வகை நிறுவனங்கள் ஆறாவது நாளும் வேலை வாங்கலாம் என்று சட்டம் வந்தது, அந்த ஆறாவது நாளுக்கு 40 சதவீதம் கூடுதல் கூலி. 2025 அக்டோபரில், வேலைநிறுத்தங்களுக்கு நடுவே, சில நிபந்தனைகளோடு ஒரே நாளில் 13 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம் என்று இன்னொரு சட்டம். ஏற்கெனவே ஐரோப்பாவில் அதிக நேரம் உழைப்பவர்களுக்கு இது!

இன்னொரு பக்கம், ஜெர்மனியின் பிரதமர் ஃபிரீட்ரிஷ் மெர்ட்ஸ் 2025 மே மாதம், வாரத்துக்கு நாலு நாள் வேலை, வேலைக்கும் வாழ்க்கைக்கும் நடுவே சமநிலை என்று பேசிக்கொண்டிருந்தால் இந்த வளத்தைக் காப்பாற்ற முடியாது என்று சொந்த மக்களுக்கே உபதேசம் செய்தார். ஏதென்ஸில் யாராவது காபியை வைத்துவிட்டுச் சிரித்திருப்பார்கள்.

வாசகர், புதுச்சேரி: பிரெஞ்சுக்காரர்களைப் பற்றி இரண்டு வரி?

1936லேயே எல்லாருக்கும் சம்பளத்தோடு இரண்டு வாரம் லீவு வாங்கியவர்கள், இப்போது அது ஐந்து வாரம், வேலை வாரம் சட்டப்படி 35 மணி நேரம். மணிக்கணக்கில் பார்த்தால் உற்பத்தித்திறன் ஜெர்மனிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. லீவை அவர்கள் எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள் என்றால், பாரிஸில் எல்லா ரொட்டிக்கடையும் ஒரே சமயத்தில் பூட்டிவிடக் கூடாது, பாதிப்பேர் ஜூலை, பாதிப்பேர் ஆகஸ்ட் என்று முறை வைக்கிற விதியே சமீபகாலம் வரை இருந்தது. உங்கள் ஊர் பேக்கரிக்காரரிடம் சொல்லிப்பாருங்கள்.

மென்பொருள் ஊழியர், சோழிங்கநல்லூர்: போருக்குப் பிறகு ஜெர்மானியர்களும் ஜப்பானியர்களும் கூடுதல் நேரம் உழைத்தார்கள், நம் இளைஞர்களும் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி சொன்னதை எங்கள் மேனேஜர் இன்னமும் மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறார். என்ன பதில் சொல்லலாம்?

மேனேஜரிடம் பதில் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டுக்கடனைப் பொறுத்தது. சரித்திரத்தை மட்டும் நான் சொல்கிறேன்.

2023 அக்டோபரில் மூர்த்தி அப்படிச் சொன்னார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியன் 90 மணி நேரத்துக்கு ஏற்றி, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எவ்வளவு நேரம் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று கேட்டு ஊர் வாயில் விழுந்தார். விட்டால் ஏலம் 100ஐத் தாண்டியிருக்கும்.

போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் உழைப்பு கடுமைதான், மறுக்கவில்லை. ஐம்பதுகளின் தொடக்கத்தில் சனிக்கிழமையும் சேர்த்து வாரம் 48 மணி நேரத்தை ஒட்டி வேலை. 70 இல்லை. அதுவும் பொருளாதார அதிசயம் என்று உலகம் வியந்த அதே வருஷங்களில் அந்த 48ஐயும் அவர்கள் குறைக்கத் தொடங்கிவிட்டார்கள். 1956 மே தினத்துக்கு ஜெர்மன் தொழிற்சங்கக் கூட்டமைப்பு ஒரு சுவரொட்டி போட்டது: ஒரு சின்னப் பையன், "சனிக்கிழமை அப்பா எனக்குத்தான்" என்கிற வாசகம். ஐந்து நாள், 40 மணி நேர வாரத்துக்கான பிரச்சாரம் அது. 1967இல் உலோகத் தொழிலாளர்கள் 40ஐ வாங்கினார்கள். 1984இல் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்து 38.5 ஆக்கினார்கள். 1995இல் மேற்கு ஜெர்மனி உலோகத் தொழிலில் 35. நேரம் குறையக் குறைய நாடு ஏழையாகிப்போய்விட்டதா? முதலாளிகள் ஆள் நேரத்தை நம்ப முடியாது என்று இயந்திரத்தில் பணம் போட்டார்கள், அதில் கொஞ்சம் உற்பத்தித்திறனும் ஏறியது.

அதோடு இன்னொன்று, இதை மேனேஜர்கள் சொல்ல மாட்டார்கள். 1953இல் லண்டனில் ஓர் ஒப்பந்தம் போட்டு மேற்கு ஜெர்மனியின் வெளிக்கடனில் சுமார் பாதியைத் தள்ளுபடி செய்தார்கள். கையெழுத்துப் போட்ட நாடுகளில் கிரீஸும் ஒன்று! மேலே மதுரை வாசகிக்குச் சொன்னதோடு இதைச் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கம் என்ன நிலை? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கணக்குப்படி இந்தியாவில் வேலை பார்ப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வாரத்துக்கு 49 மணி நேரத்துக்கு மேல் உழைக்கிறார்கள். ஹோட்டலில் சர்வர், லாரி டிரைவர், ஜவுளிக்கடையில் உட்காரவே விடாமல் நிற்கவைக்கப்பட்ட பெண்கள், செக்யூரிட்டி, இவர்களிடம் போய் 70 மணி நேரம் என்று சொன்னால் "லீவு விட்டிருக்கிறீர்களா?" என்று கேட்பார்கள். நேரம் இங்கே பற்றாக்குறை இல்லை. 1948 தொழிற்சாலைச் சட்டம் வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் போனால் இரட்டிப்புக் கூலி கொடுக்கச் சொன்னது. 70 என்று சொன்னவர் மிச்ச 22 மணி நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம் உண்டா என்பதைச் சொல்லவில்லை. உங்கள் மேனேஜரிடம் கேட்பதாக இருந்தால் அதை மட்டும் கேளுங்கள்.

கல்லூரி மாணவி, திருநெல்வேலி: ஜப்பானியர்கள் வேலை செய்தே செத்துப்போகிறார்களாமே, அவ்வளவு உழைப்பாளிகளா?

அளவுக்கு மீறி வேலை பார்த்தே சாவதைக் குறிக்கும் கரோஷி என்கிற சொல்லே அவர்களிடமிருந்து வந்ததுதான், அதைத் தடுக்க 2014இல் தனிச்சட்டம் போடும் அளவுக்கு விஷயம் முற்றியது. 2019 ஏப்ரலிலிருந்து கூடுதல் நேரத்துக்குப் பொதுவான உச்சவரம்பு மாதத்துக்கு 45 மணி நேரம், வருஷத்துக்கு 360. அதைவிட எனக்குப் பிடித்தது, பத்து நாளோ அதற்கு மேலோ லீவு உள்ள தொழிலாளி குறைந்தது ஐந்து நாளாவது எடுத்தாக வேண்டும், எடுக்க வைக்காவிட்டால் கம்பெனிக்கு அபராதம். லீவு எடு என்று சட்டம் பிடரியைப் பிடித்துத் தள்ள வேண்டியிருக்கிறது. இவ்வளவுக்கும் பிறகு, ஒரு மணி நேர உழைப்பின் மதிப்பில் ஜி7 நாடுகளில் ஜப்பான் கடைசி, பல பத்தாண்டுகளாக. மேலதிகாரி எழுந்து போகிறவரை நாற்காலியை விட்டு எழாமல் இருப்பதற்கு உற்பத்தித்திறன் என்று யாரும் மார்க் போடுவதில்லை.

வேடிக்கை என்னவென்றால், 1915இல் ஜப்பான் அரசு அழைத்து வந்த ஓர் ஆஸ்திரேலிய நிபுணர், தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இவர்களுக்கு நேரம் என்பது ஒரு பொருட்டே இல்லை, இருப்பதில் திருப்தியடைந்து நிதானமாக இருக்கும் இனம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஜப்பானியர்களை!

வாசகர், கிள்ளான், மலேசியா: மலாய்க்காரர்கள் சோம்பேறிகள், அதனால்தான் வெள்ளைக்காரன் நம்மைக் கூட்டி வந்தான், நாம் உழைக்கப் பிறந்தவர்கள் என்று எங்கள் தாத்தா பெருமையாகச் சொல்வார். சரிதானா?

தாத்தாவின் உழைப்பில் சந்தேகமில்லை. காட்டை அழித்து ரப்பர் நட்டு, விடிவதற்கு முன் எழுந்து மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்கள் அவர்கள். ஆனால் "அதனால்தான் கூட்டி வந்தான்" என்ற பாதி மட்டும் வெள்ளைக்காரன் எழுதிக்கொடுத்த வசனம்.

மலாய் விவசாயிக்குச் சொந்தமாக வயல் இருந்தது, ஆற்றில் மீன் இருந்தது, வீட்டைச் சுற்றி மரம் இருந்தது. தோட்டத்துரை கொடுத்த கூலிக்கு, அவன் சொன்ன நேரத்துக்கு, லயம் என்ற வரிசை வீட்டில் போய் அடைந்துகிடக்க அவனுக்கு என்ன தலையெழுத்து? வரமாட்டேன் என்றான். வராதவனுக்குச் சோம்பேறி என்று பெயர் விழுந்தது. அந்தச் சோம்பேறிகளே ரப்பர் விலை ஏறியபோது தங்கள் நிலத்தில் ரப்பர் நட ஆரம்பித்தார்கள், எவ்வளவு வேகமாக என்றால், நெல் வயலில் வேறு எதுவும் நடக் கூடாது என்று 1917இல் காலனி அரசு சட்டம் போட வேண்டியிருந்தது. உழைக்க மாட்டார்கள் என்றும் சொல்லிக்கொண்டு, உழைப்பைத் தடுக்கச் சட்டமும் போட்ட கதை!

இலங்கை மலையகத்திலும் இதே கதைதான். கண்டிச் சிங்கள விவசாயிக்குத் தன் வயலும் சேனையும் (காட்டை எரித்துப் பயிரிடும் நிலம்) இருந்தன, காப்பித் தோட்டத்துக்குக் கூலியாக வர மறுத்தார், அவரும் சோம்பேறி ஆனார். பஞ்சத்திலும் சாதிக் கொடுமையிலும் ஒதுங்க நிழலில்லாமல் நின்ற நம் ஆட்கள் திருநெல்வேலி, மதுரை, திருச்சி, சேலம் பக்கங்களிலிருந்து கங்காணி என்ற ஆள்பிடிக்கும் மேஸ்திரியின் கடனைத் தலையில் சுமந்துகொண்டு போனார்கள். அவர்களுக்கு "அடக்கமானவர்கள், சொன்ன பேச்சைக் கேட்பவர்கள்" என்று நற்சான்றிதழ். கொழுந்தின் எடை குறைந்தால் அரைப்பேர் போட்டுப் பாதிக்கூலி கொடுத்த கணக்கப்பிள்ளைக்கு முன்னால் அடக்கமாக இல்லாமல் என்ன செய்ய முடியும்? திரும்பிப் போவதற்கு நிலமில்லாதவனின் நிலைமையைத்தான் துரைமார் குணம் என்று எழுதிவைத்தார்கள். தாத்தா பெருமைப்படட்டும், அவருக்கு அதற்கு உரிமை உண்டு. பக்கத்து வீட்டு மலாய்க்காரரை மட்டும் அதில் இழுக்க வேண்டாம்.

பனியன் கம்பெனி உரிமையாளர், திருப்பூர்: சும்மா பேசாதீர்கள். வடமாநிலப் பையன்கள் லீவே கேட்பதில்லை, 12 மணி நேரம் சலிக்காமல் நிற்கிறார்கள். நம்ம ஊர் ஆட்களுக்குக் கல்யாணம், கருமாதி, கோயில் திருவிழா, டாஸ்மாக். அனுபவத்தில் சொல்கிறேன்.

உங்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை அண்ணா. ஆனால் மேலே இருக்கிற பதிலை இன்னொரு தடவை படியுங்கள், உங்கள் கடிதத்தில் "வடமாநிலப் பையன்கள்" என்கிற இடத்தில் "தமிழ்க் கூலிகள்" என்று போட்டால் அப்படியே நூறு வருஷத்துக்கு முந்தைய தோட்டத்துரையின் கடிதம்.

அந்தப் பையனுக்கு இங்கே கல்யாணம், கருமாதி கிடையாது, ஏனென்றால் அவன் சொந்தக்காரர்கள் எல்லாம் பீகாரிலோ ஒடிசாவிலோ இருக்கிறார்கள். தங்குவது உங்கள் விடுதியில், ஷிஃப்ட் முடிந்து போவதற்கு வேறு இடமில்லை, கூடுதல் நேரம் பார்த்தால் ஊருக்கு இன்னும் கொஞ்சம் அனுப்பலாம். ஹோலிக்கும் சத் பூஜைக்கும் அவன் ஊருக்குக் கிளம்பினால் என்ன ஆகும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும், எத்தனை மெஷின் சும்மா நிற்கிறது என்று அப்போது எண்ணிப்பாருங்கள். அவனுக்கும் திருவிழா இருக்கிறது, தூரத்தில் இருக்கிறது. அவனே உள்ளூரில் பெண் கட்டி, பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்துவிட்டான் என்றால் அவனும் காதுகுத்துக்கு லீவு கேட்பான். அப்போது அவனையும் சோம்பேறி என்பீர்கள்.

டாஸ்மாக் விஷயத்தில் உங்களோடு சண்டையில்லை. அது தனிக் கேள்வி, இன்னொரு நாள் அனுப்புங்கள்.

வாசகர், ஓசூர்: தமிழ்நாட்டில் 12 மணி நேர வேலைச் சட்டம் ஒன்று வந்ததே, என்ன ஆயிற்று?

2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன, தொழிற்சங்கங்கள் கொதித்தன, மே 1 அன்று சென்னை மே தினப் பூங்காவில் வைத்து முதல்வர் ஸ்டாலின் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். சிங்காரவேலர் 1923இல் சென்னையில் மே தினம் கொண்டாடி சரியாக நூறு வருஷம் ஆன நாள் அது. அந்தத் தேதியில் வேறு என்ன அறிவித்திருக்க முடியும்?

வாசகர், பெயர் வேண்டாம்: நீங்கள் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை பார்க்கிறீர்கள்?

ஆசிரியர் பார்க்கும்போது நிறைய.

ஒரு தாய், கோயம்புத்தூர்: என் மகன் மியூனிக்கில் வேலையில் இருக்கிறான். லீவில் ஊருக்கு வந்தவன் காய்ச்சலில் ஒரு வாரம் படுத்துவிட்டான். அந்த ஒரு வார லீவு திரும்பக் கிடைக்கும் என்கிறான். அம்மாவிடம் கதை விடுகிறானா?

கதை இல்லை அம்மா, ஜெர்மனியின் விடுமுறைச் சட்டத்திலேயே இருக்கிறது. லீவில் இருக்கும்போது உடம்பு சரியில்லாமல் போய், அதற்கு டாக்டர் சான்றிதழ் இருந்தால், அந்த நாட்கள் லீவுக் கணக்கில் கழியாது. லீவு என்பது ஓய்வெடுக்கத்தான், காய்ச்சலில் படுத்தவன் எங்கே ஓய்வெடுத்தான் என்பது அவர்கள் வாதம். அந்த ஓய்வைக் கெடுக்கிற மாதிரி லீவு நாளில் வேறு இடத்தில் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது, ஆகவே பையனை மாமாவின் கடையில் கல்லாவில் உட்காரவைத்துச் சம்பளம் கொடுக்கிற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். கோவை டாக்டரிடம் சான்றிதழில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை வேலை செய்ய முடியாத நிலை என்று தெளிவாக, ஆங்கிலத்தில் எழுதி வாங்கச் சொல்லுங்கள். காய்ச்சல் வந்த அன்றே கம்பெனிக்குத் தகவல் சொல்லியிருக்க வேண்டும், சொன்னானா என்று கேளுங்கள்.